பேட்டரிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேட்டரிகளை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். முனைகளில் படியும் உப்பைத் துடைக்கச் சொல்கிறார்கள். தேவைக்கு மேல் சார்ஜில் போட்டு வைக்க வேண்டாம் என்கிறார்கள். இவை எல்லாம் பயனுள்ள அறிவுரைகளே. ஆனால் பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போயிற்று, அதிலிருந்து எவ்வளவு திரும்ப வந்தது என்ற அடிப்படைக் கணக்கை எப்படித் தெரிந்துகொள்வது என்பது குறித்து அவற்றில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. பெட்ரோல் போடும்போது பம்பில் எத்தனை லிட்டர் ஓடியது என்று பார்க்காமல் யாரும் நகர்வதில்லை. பேட்டரி விஷயத்தில் மட்டும் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அந்தக் கணக்கைக் காட்டக்கூடிய எளிய கருவி ஒன்று இப்போது மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதையும், அதைக் கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதையும் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் குறிப்பிடுவது, சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவே வயரிலேயே இணைக்கப்படும் இன்லைன் வாட் மீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பெட்டி. ஒரு பக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள், மறுபக்கமும் அப்படியே இரண்டு. ஒரு பக்கம் மின்சாரம் வரும் பக்கம், மற்றது போகும் பக்கம். நடுவிலுள்ள சிறு திரையில் வோல்ட், ஆம்பியர், வாட் ஆகியவை அந்தந்த நொடிக்கு உரிய அளவாகவும், ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சேரும் மின்சாரம்), வாட்-மணி (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் சேரும் ஆற்றல்) ஆகியவை இணைத்த நேரத்திலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்தமாகவும் தெரியும். பல மீட்டர்கள் இடையில் எட்டிய உச்ச மின்னோட்டத்தையும் இறங்கிய குறைந்தபட்ச வோல்ட்டேஜையும் நினைவில் வைத்துக் காட்டுகின்றன. உள்ளே நடப்பது எளிமையானதுதான். ஷன்ட் எனப்படும் மிகக் குறைந்த மின்தடை கொண்ட ஓர் உலோகத் துண்டின் வழியே மின்னோட்டம் முழுவதும் செல்கிறது. அதன் இரு முனைகளுக்கும் இடையே தோன்றும் மிகச் சிறிய வோல்ட்டேஜ் வேறுபாட்டை அளந்து, ஓம் விதிப்படி மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறது ஒரு சில்லு. அந்தத் துண்டின் மின்தடை 1 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 10 ஆம்பியர் செல்லும்போது அதில் இழக்கப்படுவது 10 மில்லி வோல்ட், வீணாகும் வெப்பம் 0.1 வாட். அளப்பதற்காக நாம் இழப்பது அவ்வளவுதான்.

வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் பேட்டரியின் முனைகளில் நாம் அளக்கும் வோல்ட்டேஜ், சார்ஜர் தள்ளுகிற அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிறதே தவிர, பேட்டரியின் உள்ளிருப்பைக் காட்டுவதில்லை. சார்ஜரைக் கழற்றிய பிறகும் ஈய-அமில பேட்டரியில் அந்தப் போலி உயர்வு அடங்கச் சில மணி நேரம் ஆகும். நன்றாக ஓய்ந்த பிறகு 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது என்றும், 12.1, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி என்றும் கொள்ளலாம்; பாதிக்கும் முழுமைக்கும் இடையே அரை வோல்ட்தான் வித்தியாசம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இதுவும் கிடையாது. அதன் கொள்ளளவின் நடுப்பகுதி முழுவதிலும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட நேர்கோடாகவே இருப்பதால், முக்கால் பங்கு இருக்கிறதா, கால் பங்கு இருக்கிறதா என்பதை வோல்ட் மீட்டரை வைத்து நம்பிக்கையுடன் சொல்லவே முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஆம்பியர்-மணியில் எண்ணிக்கொண்டு வருவது ஒன்றே வழி.

இந்தக் கணக்கின் அருமை, ஒரு முழுச் சார்ஜை ஆரம்பம் முதல் முடிவு வரை கவனித்தால்தான் தெரியும். பாதி தீர்ந்த 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றை 10 ஆம்பியர் சார்ஜரில் போடுகிறோம் என்று கொள்வோம். முதல் சில மணி நேரத்துக்குத் திரையில் 10 ஆம்பியர் அசையாமல் நிற்கும். வோல்ட்டேஜ் 13-ஐத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டே போகும். 14.4 வோல்ட்டை எட்டியதும் காட்சி மாறுகிறது. இப்போது வோல்ட்டேஜ் நிலைத்து நிற்க, ஆம்பியர் இறங்கத் தொடங்கும். 8 ஆகும், 6 ஆகும்; 4-க்கு வந்த பிறகு இறக்கம் மந்தமாகி, ஒவ்வொரு புள்ளி குறையவும் பல நிமிடங்கள் பிடிக்கும். அவசரக்காரர்கள் சார்ஜரைக் கழற்றுவது இந்த இடத்தில்தான். உண்மையில், பேட்டரி தீரும்போது ஈயத் தகடுகளில் படிந்து அவற்றின் ஆழத்தில் மிச்சமிருக்கும் சல்பேட் கரைந்து திரும்புவது இந்தக் கடைசிப் பகுதியில்தான் என்பதால், இந்தப் பகுதி தொடர்ந்து வெட்டப்படுகிற பேட்டரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையோடு நின்று, அந்தக் குறை கெட்டிப்பட்டு, கொள்ளளவையே தின்றுவிடுகிறது. மின்னோட்டம் கொள்ளளவில் 1 அல்லது 2 சதவீதம் அளவுக்கு, அதாவது இந்த பேட்டரியில் 1 அல்லது 2 ஆம்பியருக்கு இறங்கி, அதற்கு மேல் குறையாமல் நிற்கும்போதுதான் நிறைந்துவிட்டது என்று சொல்லலாம். அப்போது ஆம்பியர்-மணிக் கணக்கு 50 என்று இருக்காது, 55-ஐத் தாண்டியிருக்கும். ஈய-அமில பேட்டரி தான் கொடுத்ததைவிட ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகத் திரும்பக் கேட்கும். வாட்-மணியில் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஏனென்றால் மின்சாரம் சுமார் 14 வோல்ட்டில் உள்ளே போய், 12 வோல்ட் சொச்சத்தில் வெளியே வருகிறது. உள்ளே போன 100 வாட்-மணியில் 75 அல்லது 80 திரும்பி வந்தால் நல்ல பேட்டரிதான்.

லித்தியம் வகைகளில் இந்த இழப்பு மிகக் குறைவு. போன ஆம்பியர்-மணியில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வரும். எனவே நல்ல நிலையிலுள்ள ஒரு லித்தியம் பேட்டரியை நிறைத்து, தீர்த்து, மீண்டும் நிறைத்துப் பார்த்தால், இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மீட்டரைத்தான்.

கோளாறுகளும் இந்தத் திரையில் தத்தமக்குரிய அடையாளத்தோடு தெரிகின்றன. சார்ஜில் போட்ட சில நிமிடங்களிலேயே வோல்ட்டேஜ் 14.4-க்குத் தாவி, ஆம்பியர் மளமளவென்று சரிந்து, சார்ஜர் பச்சை விளக்கைக் காட்டிவிடுகிறது. ஆம்பியர்-மணிக் கணக்கோ 5, 6 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது என்றால், அந்த பேட்டரி வெகுவேகமாக நிறைந்துவிட்டதாக மகிழ்வதற்கில்லை. தகடுகளில் சல்பேட் இறுகியிருக்கலாம். அல்லது முனையில் உள்ள கிளிப் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். கிளிப்பை இறுக்கிவிட்டு மறுபடி பார்த்தால் எது காரணம் என்பது தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆம்பியர் இறங்கவே இல்லை, வோல்ட்டேஜ் 13-க்கு அருகிலேயே தவிக்கிறது, பேட்டரியின் ஒரு பகுதி மட்டும் சுடுகிறது என்றால், அதன் ஆறு அறைகளில் (செல்களில்) ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆறு அறைகளுக்கு உரிய அழுத்தத்தை ஐந்து அறைகள் தாங்க நேரும்போது அவை அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி, ஹைட்ரஜன் வாயுவை அதிகமாக வெளியேற்றும். அப்படிப்பட்ட பேட்டரியை அந்த நிமிடமே சார்ஜிலிருந்து விலக்க வேண்டும். பச்சை, சிவப்பு விளக்குகளை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த இரண்டு நிலைகளுமே கண்ணில் படாது: முதல் பேட்டரிக்குப் பச்சை எரியும், இரண்டாவது பேட்டரிக்குச் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பேட்டரி கெட்டுவிட்டது என்று தூக்கி எறியப்படுபவற்றில் கணிசமானவை உண்மையில் வயரின் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுகின்றன என்பது என் உறுதியான கருத்து. இதை நிரூபிக்கவும் இந்த மீட்டரே போதும். முதலில் சார்ஜர் முனையில் இணைத்து வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே மீட்டரை பேட்டரி முனைக்கு மாற்றி மறுபடி குறிக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 12 மில்லி ஓம். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையே 5 மீட்டர் தூரம் இருந்தால், போகவும் வரவுமாக 10 மீட்டர் வயர், மொத்தம் 0.12 ஓம். 10 ஆம்பியர் செல்லும்போது அந்த வயரிலேயே 1.2 வோல்ட் கரைந்துவிடுகிறது. சார்ஜர் தன் முனையில் 14.4 வோல்ட்டைக் கண்டு உச்சத்தை எட்டிவிட்டதாக எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும்போது, பேட்டரிக்குக் கிடைப்பது 13.2 வோல்ட்தான். மின்னோட்டம் குறையக் குறைய வயரில் ஏற்படும் இழப்பும் குறையும் என்பதால் பேட்டரி ஒருநாள் நிறையத்தான் செய்யும். ஆனால் அதற்குள் சார்ஜரின் நேரக்கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது, அல்லது சூரிய மின்பலகையாக இருந்தால் பொழுது சாய்ந்துவிடுகிறது. நாள்தோறும் அரைகுறையாக நின்றுபோகும் பேட்டரி விரைவில் உண்மையாகவே கெட்டுவிடுகிறது. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். புதிய பேட்டரி வாங்குவதற்கு முன்பு இந்த ஓர் அளவீட்டையாவது செய்து பார்க்கும்படி அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

சூரிய மின்சாரத்தில் இயங்கும் சிறிய அமைப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. மின்பலகைக்கும், பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கும் இடையே ஒரு மீட்டர், கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே ஒரு மீட்டர் என்று இரண்டைப் போட்டால், கன்ட்ரோலர் எவ்வளவு விழுங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரவல்ல 100 வாட் பலகையை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பிக் கட்டுப்படுத்தும் எளிய பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலரில் இணைத்தால், அது பலகையின் வோல்ட்டேஜைக் கிட்டத்தட்ட பேட்டரியின் வோல்ட்டேஜுக்கே இழுத்துவந்துவிடுகிறது. 13 வோல்ட்டும் 5.5 ஆம்பியரும் சேர்ந்து சுமார் 72 வாட்தான் வரும். பலகையில் குறை இல்லை, வெயிலிலும் குறை இல்லை. அது அந்த வகைக் கன்ட்ரோலரின் இயல்பு.

இனி, பேட்டரியின் உண்மையான கொள்ளளவைச் சோதிப்பது. மீட்டரின் வரும் பக்கத்தை பேட்டரியிலும் போகும் பக்கத்தை ஒரு விளக்கு போன்ற சீரான சுமையிலும் இணைத்தால், இப்போது அது வெளியே வருவதை எண்ணும். ஈய-அமில பேட்டரிகளின் மேல் அச்சிடப்படும் ஆம்பியர்-மணி பெரும்பாலும் 20 மணி நேரத்தில் தீர்க்கும் வேகத்தைக் கொண்டு சொல்லப்படுவது. எனவே 100 ஆம்பியர்-மணி பேட்டரியை 5 ஆம்பியர் சுமையில், அதாவது ஏறக்குறைய 60 வாட்டில், 10.5 வோல்ட் வரும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகமாகத் தீர்த்தால் கிடைக்கும் மொத்தமே குறைந்துவிடும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் பொய்கெர்ட் 1897-இலேயே சூத்திரமாக்கிக் காட்டியிருக்கிறார். இதை அறியாமல் 30, 40 ஆம்பியர் சுமையில் சோதித்துவிட்டு, அச்சிட்ட அளவு வரவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போவது நியாயமாகாது. முறையாகச் சோதித்தும் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொறியாளர்கள் கொள்வது வழக்கம். ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: ஈய-அமில பேட்டரியை இப்படி அடிவரை தீர்ப்பதே அதற்குக் கேடு என்பதால், இச்சோதனையை எப்போதாவது செய்ய வேண்டுமே தவிர வாடிக்கையாக்கிக்கொள்ளக் கூடாது. சோதனை முடிந்ததும் தாமதிக்காமல் முழுவதும் நிறைத்துவிட வேண்டும். வண்டியைக் கிளப்புவதற்கென்றே மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்ட பேட்டரிகளில் இச்சோதனையைத் தவிர்ப்பதே நல்லது.

கைப்பேசிகளுக்கும் பவர் பேங்குகளுக்கும் உரிய யுஎஸ்பி மீட்டர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் பயன்படுத்துவோரிடம் ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் அடிக்கடி தோன்றுவதைக் காண்கிறேன். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்கை நிறைத்துவிட்டு, அது வெளியே கொடுப்பதை மீட்டரில் பார்த்தால் 6,500 அளவில்தான் வருகிறது. இதில் பெரும்பாலும் மோசடி இல்லை. அச்சிடப்பட்ட எண், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. அதன் ஆற்றல் 37 வாட்-மணி. வெளியே வரும் வாய் 5 வோல்ட் என்பதால், இழப்பே இல்லாவிட்டாலும் 7,400-தான் வர முடியும். வோல்ட்டேஜை உயர்த்தும் சுற்றில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் வெப்பமாகப் போனால் மீதி சரியாக 6,500-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதே போல 5,000 மில்லி ஆம்பியர்-மணி கைப்பேசியை விரைவுச் சார்ஜரில் போட்டால், மின்சாரம் 9 வோல்ட்டில் செல்வதால் மீட்டர் 2,400 அளவில் காட்டக்கூடும். அதைக் கண்டு கைப்பேசியின் பேட்டரி பாதியாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆம்பியர்-மணியை வோல்ட்டேஜ் தெரியாமல் ஒப்பிடுவதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். வாட்-மணியைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பவர் பேங்க் தயாரிப்பாளர்கள் வாட்-மணியையும் அச்சிடுகிறார்கள் என்றாலும், அது பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்க, மில்லி ஆம்பியர்-மணி மட்டும் முன்பக்கத்தில் பெரிதாக நிற்கிறது. இந்த இரண்டும் இடம் மாற வேண்டும்.

கைப்பேசி மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்ற புகாருக்கும் யுஎஸ்பி மீட்டர் உடனே விடை தரும். ஒரே சார்ஜரில், ஒரே கைப்பேசியில், கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்தாலே ஒன்றில் 2 ஆம்பியரும் மற்றொன்றில் அரை ஆம்பியரும் வருவதைக் காணலாம். இங்கும் குற்றவாளி மெல்லிய செம்புதான்.

சுவர் பிளக்கில் செருகும் ஏசி மீட்டர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜர் சுவரிலிருந்து எடுப்பது எவ்வளவு என்பதை அவை காட்டும்; டிசி பக்கத்து மீட்டரோடு ஒப்பிட்டால் சார்ஜரின் திறன் தெரிந்துவிடும். மின்கட்டணம் கணக்கிடப்படுவது சுவரில் ஓடிய யூனிட்டுக்குத்தான் என்பதால், மின்சார இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்கள் பேட்டரியின் கொள்ளளவைக் கொண்டு செலவைக் கணக்கிடாமல் இந்த மீட்டரைக் கொண்டு கணக்கிடுவது நல்லது. சிறிய சார்ஜர்களின் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு, குறைவாக இருக்கும். எனவே வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கிப் பார்த்து வாட் என்று எடுத்துக்கொள்ளாமல், மீட்டர் வாட் என்று காட்டும் எண்ணையே கொள்ள வேண்டும்.

மலிவான கருவிக்கு உரிய குறைகளை மறைப்பது வாசகர்களுக்குச் செய்யும் தீங்காகும். முதலாவதாக, பெட்டியின் மேல் 100 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பவே கூடாது. அதிலிருந்து வெளியே வரும் வயர் பெரும்பாலும் 3 சதுர மில்லிமீட்டர் அளவுடையது; அது ஒரு நொடி தாங்குவது வேறு, மணிக்கணக்கில் தாங்குவது வேறு. தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தை 15, 20 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்வதே விவேகம். தளர்வான இணைப்பு ஒன்றில் 0.02 ஓம் மின்தடை இருந்தால், 20 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியிலேயே 8 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய பிளாஸ்டிக் இணைப்பியை இளக்க அது போதும். 12 வோல்ட்டில் இயங்கும் இன்வெர்ட்டரில் 800 வாட் சுமை ஓடினால் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் 80 ஆம்பியரை நெருங்கும் என்பதால், அங்கே இந்தச் சிறு பெட்டியை நடுவில் வைப்பது ஆபத்து. அத்தகைய இடங்களுக்கு, கனமான ஷன்ட்டைத் தனியே பொருத்தி மெல்லிய வயரில் திரையை மட்டும் தள்ளி வைக்கும் வகை இருக்கிறது. 100 ஆம்பியருக்கு 75 மில்லி வோல்ட் என்று குறிக்கப்பட்ட ஷன்ட்டுகள் அதற்காகவே விற்கப்படுகின்றன.

இரண்டாவது எச்சரிக்கை வோல்ட்டேஜைப் பற்றியது. இவ்வகை மீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 வோல்ட்தான் எல்லை. 48 வோல்ட் என்று சொல்லப்படும் 13 செல் லித்தியம் அயன் பேட்டரி நிறையும்போது 54.6 வோல்ட் என்பதால் எல்லைக்குள் அடங்கும். ஆனால் 60 வோல்ட் என்று சொல்லப்படும் 16 செல் பேட்டரி நிறையும்போது 67.2 வோல்ட்டை எட்டும். பெயரில் 60 என்று இருப்பதை நம்பி இணைத்தால் மீட்டர் கருகுவது மட்டுமன்றி, அதன் உள்ளே ஷார்ட் ஏற்பட்டால் தீ விபத்துக்கும் அது வழிவகுக்கலாம்.

மூன்றாவது, பலரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் ஒரு நுணுக்கம். இந்த மீட்டர்களில் பெரும்பாலும் ஷன்ட் கறுப்பு வயரில், அதாவது மைனஸ் பக்கத்தில் இருக்கிறது. வாகனங்களில் பேட்டரியின் மைனஸ் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். சார்ஜரின் மைனஸும் ஏதோ ஒரு வழியில் அதே உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டத்தின் ஒரு பகுதி மீட்டருக்குள் நுழையாமலே உலோகத்தின் வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். திரை 2 ஆம்பியர் என்று காட்டும். பேட்டரிக்குள் 6 போய்க்கொண்டிருக்கும். எண்ணிக்கை நம்ப முடியாதபடி குறைவாக வந்தால் முதலில் மைனஸுக்கு வேறு பாதை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இவை தவிர, பெரும்பாலான மலிவு மீட்டர்கள் ஒரு திசையில் செல்லும் மின்னோட்டத்தை மட்டுமே எண்ணும்; இணைப்பைக் கழற்றினால் கூட்டிவைத்த கணக்கெல்லாம் அழிந்துவிடும்; பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் தாங்காது. மின்னோட்டமே இல்லாதபோதும் 0.05 ஆம்பியர் என்று காட்டும் மீட்டர் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணியைக் கற்பனையாகக் கூட்டிவிடும். மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது: 10 மில்லி ஆம்பியர்தானே என்று ஒரு மாதம் பேட்டரியிலேயே விட்டுவைத்தால் 7 ஆம்பியர்-மணி போய்விடும். வாங்கியதும் நம்பகமான மல்டிமீட்டர் ஒன்றோடு வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்வது நல்ல பழக்கம். ஒரே பேட்டரியை ஒரே மீட்டரில் மாதாமாதம் பார்க்கும்போது, அந்த வேறுபாடு எப்போதும் ஒரே அளவில் இருப்பதால் ஒப்பீட்டுக்கு அது தடையாவதில்லை. பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் வயருக்கு ஏற்ற ஃபியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும் இடத்தில் காற்றோட்டமும் வேண்டும். சார்ஜரை நிறுத்திய பிறகே இணைப்புகளைக் கழற்ற வேண்டும். வாயு சூழ்ந்திருக்கும் நேரத்தில் கிளிப்பிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி பேட்டரியையே வெடிக்க வைத்துவிடும்.

தங்கள் நாளிதழ் வாயிலாக மூன்று தரப்பினரிடம் என் வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். சார்ஜர் தயாரிப்பாளர்கள் விளக்குகளுக்குப் பதிலாக, அல்லது அவற்றோடு கூடவே, உள்ளே போன ஆம்பியர்-மணியைக் காட்டும் சிறு திரையைச் சேர்க்க வேண்டும். சார்ஜரின் உள்ளே மின்னோட்டத்தை அளக்கும் ஏற்பாடு எப்படியும் இருக்கிறது. அந்த எண்ணை வாடிக்கையாளரின் கண்ணில் காட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. மீட்டர் தயாரிப்பாளர்கள் நொடிப்பொழுதுக்கு உரிய உச்ச ஆம்பியரைப் பெரிதாகப் போடாமல், தொடர்ந்து தாங்கும் ஆம்பியரை முதலில் அச்சிட வேண்டும். எலக்ட்ரீஷியன் பயிற்சி தரும் நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவர் கையிலும் இந்த மீட்டரைக் கொடுத்து, ஒரு பேட்டரியை நிறைத்துத் தீர்க்கும் வரை உட்கார்ந்து குறிப்பெடுக்கச் செய்ய வேண்டும். 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் இயல்பை எத்தனையோ பக்கங்களில் படிப்பதைவிட, அந்த ஒரு நாள் அட்டவணை மாணவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வாசகர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பேட்டரி வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சிறிய நோட்டில் நான்கு எண்களை எழுதத் தொடங்குவது: சார்ஜ் தொடங்கும்போது இருந்த வோல்ட்டேஜ், உள்ளே போன ஆம்பியர்-மணி, வாட்-மணி, முடியும் நேரத்தில் நின்ற ஆம்பியர். மாதத்துக்கு ஒருமுறை எழுதினாலே போதும். உத்தரவாதக் காலத்துக்குள் பேட்டரி தளர்ந்து, அதைத் திருப்பிக் கொண்டுபோகும்போது, 'முன்பு போல நிற்பதில்லை' என்ற வாய்மொழிப் புகாருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் 'இன்னும் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்கள்' என்பதாகவே இருக்கிறது. தேதிவாரியாகக் குறைந்துகொண்டே வந்த ஆம்பியர்-மணிப் பட்டியலை மேசையில் வைத்தால் அந்தப் பதிலோடு அனுப்பிவிடுவது அவ்வளவு எளிதாக இருக்காது. விற்பனை நிலையங்களும் சேவை மையங்களும் இத்தகைய பதிவுகளைப் பரிசீலனைக்கு ஏற்றுக்கொள்வதையும், பேட்டரியைச் சோதித்த பிறகு தாங்கள் கண்ட ஆம்பியர்-மணியை எழுத்தில் தருவதையும் ஒரு நடைமுறையாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்துமானால், வாடிக்கையாளர்களுக்கும் நேர்மையான விற்பனையாளர்களுக்கும் அது ஒருசேர உதவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்